புற்றரை பேணிய பெருமகனார்

உதகைக்குச் செல்வோர் வென்லாக் புல்வெளியைக் காணாது மீளார். அலையலையாய்ப் பரந்த அப்பசும்புல் நிலத்தின் ஒருபால் கோல்ப் ஆடுகளம் அமைந்துள்ளது. ஆங்குப் பந்தடிப்போரைக் கண்டு வியப்போர் பலர். தென்மேற்குப் பருவமழையிலும் மார்கழி உறைபனியிலும் அப்புல்லைப் பேணும் தொழிலாளரை நினைப்போர் மிகச் சிலரே. அத்தகைய தொழிலாளருள் ஒருவராய்த் தொடங்கி, தம் தொழிலினர் சங்கத்திற்கு முதல் தலைவராய் உயர்ந்த ஜான் ஹென்றி டெய்லர் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

டெய்லர் 1871ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் நாட்டு நார்த்தம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்தார். வறுமை காரணமாகப் பதினோராம் அகவையிலேயே பள்ளியை விட்டார். அவ்வூரையடுத்த வெஸ்ட்வர்ட் ஹோ கடற்கரையில் 1864 முதல் ஒரு கோல்ப் கழகம் இருந்தது. நம் மலைப்புல்வெளியில் தோதவர்தம் எருமைகள் மேய்வது போல, ஆங்கு ஊராரின் ஆடுகளும் குதிரைகளும் மேயும். அந்நிலத்திற் செல்வரின் கோற்பையைச் சுமந்த அச்சிறுவர், ஆட்டத்தையும் கண்டு கற்றார். படையிற் சேர முயன்றார். கண்ணொளி போதாமையால் ஏற்கப்பட்டிலர். பின்னர் அக்களத்திலேயே புற்றரை திருத்தும் கூலியாளாய் அமர்ந்தார். 1891இல் பர்னம் என்னும் ஊர்க் கழகத்தில் ஆடுகளக் காவலராகவும் தொழில் ஆட்டக்காரராகவும் பணியேற்றார்.

1894இல் சாண்ட்விச் நகரில் நடந்த திறந்த போட்டியில் வாகை சூடினார். 1895, 1900, 1909, 1913 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றியே பெற்றார். வார்டன், பிரெயிடு என்பாரோடு இவரையும் சேர்த்து மும்மூர்த்திகள் எனலாம். 1894 முதல் 1914 வரை நிகழ்ந்த 21 போட்டிகளுள் 16இல் இம்மூவருள் ஒருவரே வென்றனர்.

எனினும், புகழ் பெற்ற டெய்லர் தம் தோழரை மறந்தாரல்லர். அக்காலத்துத் தொழில் ஆட்டக்காரர் நிலை இரங்கத்தக்கது. பல கழக மாளிகைகளில் அவர் முன்வாயிலாற் புகுதற்கில்லை. ஊதியமோ சிறிது, கோலும் பந்தும் விற்றுப் பெறும் ஊதியமே குடும்பத்தைத் தாங்கிற்று. சில கழகங்கள் அவ்விற்பனையையும் தம் கைப்படுத்தத் தொடங்கவே, பிழைப்புக்கே இடுக்கண் நேர்ந்தது. தனியொருவர் முறையிட்டால் வேலை போகும். ஆதலின் கூடி நிற்பதே வழியென டெய்லர் தெளிந்தார். 1901இல் லண்டனிலும் அதன் சூழலிலும் இருந்த தொழில் ஆட்டக்காரர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். டெய்லர் அதன் முதல் தலைவரானார். பிரெயிடும் உடன் பொறுப்பேற்றார். இது முதலாளிகளை எதிர்க்கும் கூட்டமோ எனச் சிலர் ஐயுற்றனர். சங்கமோ வேலையற்றோர்க்கு வேலை தேடித் தரவும், நலிந்தோர்க்குப் பொருளுதவி செய்யவும், உறுப்பினர்க்குப் போட்டிகள் நடத்தவும் முனைந்தது. 1903இல் ஒரு செய்தித்தாளின் பரிசுத் தொகையோடு பெரும் போட்டி ஒன்றும் தொடங்கிற்று. தாம் மட்டும் வாழ வேண்டின், டெய்லருக்கு இத்தனை உழைப்பும் வேண்டுவதில்லை. வென்றோர்க்குச் சங்கம் எதற்கு? வெல்லாதோர்க்கன்றோ அது வேண்டும்! இதனை உணர்ந்தமையே அவர் பெருமை.

பின்னாளில், கைத்தொழிலாளரும் ஆடும் பொருட்டு 1921இல் ஒரு சங்கம் எழவும், 1923இல் ரிச்மண்டு பூங்காவில் பொதுமக்களுக்கான ஆடுகளம் அமையவும் பாடுபட்டார். 1933இல் ரைடர் கோப்பை வென்ற பிரித்தானிய அணிக்குத் தலைமை தாங்கினார். 1957இல், தாம் சிறுவராய்க் கோற்பை சுமந்த கழகமே அவரைத் தலைவராக்கி மகிழ்ந்தது. 1963ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், 91ஆம் அகவையில், பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

கல்லூரி விட்டபின் நம்முட் பலர் பற்பல சங்கங்களின் ஆட்சிக்குழுவில் அமர நேரலாம். அன்று அந்நாற்காலியைப் பெருமைக்குரிய இருக்கையாகக் கருதாது, வெளியே நிற்போர்க்குக் கதவு திறக்கும் இடமாகக் கருதுவோமாயின், டெய்லர் வரலாற்றைப் பயின்ற பயனை எய்தியவராவோம். மலையேறி அப்பசும்புல்லைக் காணுங்கால், அதனைப் பேணும் கைகளையும் நினைவோமாக.