மேடம் கிளிக்கோ

பார்ப்-நிக்கோல் கிளிக்கோ (டிசம்பர் 16, 1777 - ஜூலை 29, 1866) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஷாம்பெயின் உற்பத்தியாளர் ஆவார். பிரெஞ்சு மொழியில் கைம்பெண்ணைக் குறிக்கும் வவ் என்னும் சொல்லுடன் சேர்த்து வவ் கிளிக்கோ என்று பரவலாக அறியப்படுகிறார். தக்கையில் இவர் பொறித்த குறியும், இன்றைய புட்டிகளின் தகட்டு மூடியில் காணப்படும் இவரது உருவமும் மூடி சேகரிப்பாளர்களிடையே நன்கு அறியப்பட்டவை.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பொன்சார்தன் துணி உற்பத்தியாளர். பின்னாளில் அந்நகரின் மேயராகவும் விளங்கினார். 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். மறு ஆண்டில் கிளெமொன்டின் என்னும் மகள் பிறந்தார். கணவரின் தந்தை 1772இல் தொடங்கிய ஒயின் வணிகத்தைப் பிரான்சுவா நடத்தி வந்தார். 1805இல் அவர் காய்ச்சலால் இறந்தபோது பார்ப்-நிக்கோலுக்கு வயது 27.

அக்காலப் பிரெஞ்சுச் சட்டப்படி மணமான பெண் கணவரின் இசைவின்றி வணிகம் செய்ய இயலாது. கைம்பெண்ணுக்கு இத்தடை இல்லை. மாமனாரின் ஒப்புதலைப் பெற்ற இவர், அலெக்சாந்தர் ஃபூர்னோ என்பவருடன் கூட்டாகத் தொழிலைத் தொடர்ந்தார். 1810இல் கூட்டு முடிவுற்றதும் தமது பெயரிலேயே நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார்.

தொழில்

நெப்போலியன் காலப் போர்களும் கடல்வழித் தடைகளும் ஏற்றுமதியை முடக்கின. 1814இல் போர் ஓய்ந்தவுடன், போட்டியாளர்கள் அறியுமுன் 10,550 புட்டிகளைக் கப்பலில் ரஷ்யாவை நோக்கி அனுப்பினார். முகவர் லூயி போன் உடன் சென்றார். வால்வெள்ளி தோன்றிய 1811ஆம் ஆண்டின் திராட்சையில் செய்யப்பட்ட இந்த ஒயின் ரஷ்யாவில் பெரும் புகழ் பெற்றது. சரக்கு வழியில் அழிந்திருந்தால் நிறுவனமும் வீழ்ந்திருக்கக்கூடும்.

ஷாம்பெயின் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. அப்போது தங்கும் ஈஸ்ட் வண்டலை நீக்குவது கடினமாக இருந்தது. துளையிட்ட பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பி, வண்டலைத் தக்கையருகே சேர்க்கும் முறையை 1816ஆம் ஆண்டையொட்டி இவரது நிறுவனம் உருவாக்கியது. இதில் பாதாள அறைப் பொறுப்பாளர் அன்டோன் முல்லருக்கும் பங்குண்டு. 1818இல் சிவப்பு ஒயினைக் கலந்து இளஞ்சிவப்பு ஷாம்பெயின் தயாரித்தார்.

தக்கையும் கம்பிக்கூடும்

புட்டியினுள் உருவாகும் கரியமில வாயு தக்கையை வெளியே தள்ளும். எனவே தக்கையைச் சணல் கயிற்றாலும் கம்பியாலும் கையால் கட்டினர். இக்கட்டு தக்கையை அறுத்துவிடுவதும் உண்டு. 1844இல் அடோல்ஃப் ழாக்கசோன் என்னும் ஷாம்பெயின் வணிகர், தக்கைக்கும் கட்டுக்கும் இடையே வைக்கும் உலோகத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இதிலிருந்தே மியூஸ்லே எனப்படும் இன்றைய கம்பிக்கூடும் மூடியும் வளர்ந்தன. விலங்கின் வாய்க்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

பெயர்த்தாள் ஒட்டும் வழக்கம் பரவலாகாத காலத்தில் ஒயினை அடையாளம் காணத் தக்கையே உதவியது. இந்நிறுவனத்தின் தக்கைகளில் நங்கூரமும் வால்வெள்ளியும் சூடிட்டுப் பொறிக்கப்பட்டன. 2010இல் பால்டிக் கடலில் ஓலந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 168 புட்டிகள் மீட்கப்பட்டன. பெயர்த்தாள்கள் இல்லாத நிலையில், தக்கையின் அடியிலிருந்த வால்வெள்ளிக் குறியே அவற்றுள் சிலவற்றை இவரது நிறுவனத்தினுடையவை என உறுதிசெய்தது.

இறுதிக்காலம்

1841இல் ஓய்வு பெற்ற இவர், பங்காளியான எடுவார்ட் வெர்லேயிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஊழியராகச் சேர்ந்த வெர்லே 1831இல் பங்காளி ஆக்கப்பட்டவர். குடும்பத்தாரைவிடத் தொழில் அறிந்தவரிடமே நிறுவனம் சென்றது குறிப்பிடத்தக்கது. 1866இல் பூர்சோவிலுள்ள தமது மாளிகையில் 88ஆம் வயதில் காலமானார்.

மூடி சேகரிப்பில்

தொடக்கத்தில் மூடித் தகடுகள் வெறுமையாக இருந்தன. பின்னர் நிறுவனங்கள் பெயரையும் சின்னத்தையும் அச்சிட்டன. இவற்றைச் சேகரிப்பது பிரான்சில் பிளாக்கோமுசோஃபிலி எனப்படுகிறது. சிறு தயாரிப்பாளர்களும் தமக்கெனத் தகடுகள் வெளியிடுவதால் வகைகள் மிகப் பல. நசுங்காத தகடுகளும் அரிய வண்ண வேறுபாடுகளும் அதிகம் விரும்பப்படுகின்றன. வவ் கிளிக்கோ நிறுவனத்தின் மூடிகளில் மேடம் கிளிக்கோவின் முதுமைக்கால உருவம் இடம்பெறுகிறது.