உடையும் தூரிகையும்: அம்ரிதா ஷெர்கிலின் வாழ்வு

பாரிஸ் நகரத்துப் பெண் ஒருத்தி ஆடவரைப் போல் காற்சட்டை அணிய வேண்டுமானால் காவல் துறையிடம் அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று 1800 ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க ஓவியர் ரோசா போனர் அப்படியொரு சீட்டை வாங்கி வைத்திருந்தவர். குதிரைச் சந்தைக்குள்ளும் இறைச்சிக் கூடத்துக்குள்ளும் புகுந்து விலங்குகளைப் பார்த்து வரைய, தரையைப் பெருக்கும் நீண்ட பாவாடை உதவவில்லை, அதனால்தான் காற்சட்டை. அந்தப் பழைய ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாகச் சொன்னது 2013 இல்தான் என்றால் நம்புவீர்களா?

தோழர்களே, ஓவியமும் உடையும் பெண்ணும் ஒன்றோடொன்று பின்னிக் கொண்ட இந்தக் கதையில் எனக்கு நெடுநாளாக ஆர்வம் உண்டு. காரணம் எளியது. குளுவாங்கில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையற்கடை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இரவிக்கைத் துணிகள் மலைபோல் குவிந்துவிடும். ஒரு பெண் எதை உடுத்துகிறாள், யாருக்காக உடுத்துகிறாள், அவளைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்பதையெல்லாம் காதில் வாங்கிக் கொண்டே பள்ளிப் பாடம் படித்தவள் நான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசில் உடைதான் நவீன வாழ்க்கையின் அடையாளம். ஓவியர்கள் புராணத்தை விட்டுவிட்டு நாகரிக உடை அணிந்த மங்கையரை வரையத் தொடங்கினார்கள். ஆனால் வரையும் இடத்தில் பெண்ணுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. அரசின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான எக்கோல் டே போசார் 1897 வரை மாணவிகளைச் சேர்க்கவே இல்லை. வசதியுள்ள பெண்கள் தனியார் ஓவியப் பள்ளிகளில் கூடுதல் கட்டணம் கட்டிப் படித்தார்கள். 1874 ஆம் ஆண்டின் முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் பங்கேற்ற பெர்த் மொரிசோ நல்ல குடும்பத்துப் பெண். காப்பிக்கடையிலோ மதுக்கடையிலோ தனியாக அமர்ந்து வரைய அவரால் முடியாது. எனவே மாடி, தோட்டம், படுக்கையறை, கண்ணாடி முன் தலைவாரும் பெண் என்று தமக்குத் திறந்திருந்த இடங்களையே வரைந்தார். ஆண் ஓவியர்கள் பலர் அந்த உடையை வெளியிலிருந்து பார்த்தார்கள். மொரிசோ அதை உடுத்திப் பார்த்தவர். அந்த வேறுபாடு அவர் ஓவியத்தில் தெரிகிறது என்பது என் கருத்து.

இந்தப் பெண்கள் தட்டித் தட்டித் திறந்த கதவின் வழியாக உள்ளே போனவர்களில் இந்தியத் தந்தைக்குப் பிறந்த ஒரு பெண்ணும் இருந்தார். அவரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அம்ரிதா ஷெர்கில் 1913 ஜனவரி 30 ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீத்தியா குடும்பத்துச் சீக்கியப் பிரபு. சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் பித்துக் கொண்டவர். தாயார் மரி அந்துவானெத் ஹங்கேரியர், இசைப் பாடகி. முதல் உலகப் போர் மூண்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே சிக்கிக் கொண்டது. 1921 இல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேற முடிந்தது. தங்கை இந்திராவும் அம்ரிதாவும் மலைநகரத்தில் பியானோ வாசித்து, நாடகம் நடித்து வளர்ந்தார்கள். பள்ளியில் தாம் கடவுள் மறுப்பாளர் என்று அறிவித்து வெளியேற்றப்பட்ட கதையும் உண்டு. அவரது ஓவியத் திறமையை முதலில் ஊன்றிக் கவனித்தவர் தாய்மாமன் எர்வின் பாக்தாய். கண்முன் இருக்கும் ஆளைப் பார்த்து வரையும் பழக்கத்தை ஊட்டியவரும் அவரே.

1929 இல், பதினாறு வயதில், அம்ரிதா பாரிசுக்குப் படிக்கப் போனார். முதலில் கிராண்ட் ஷோமியேர் ஓவியப் பள்ளி. பிறகு லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் எக்கோல் டே போசாரில் பயிற்சி. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை பெண்ணை ஏற்காத அதே கல்லூரி என்பதை மறந்துவிடக் கூடாது.

1932 இல் அவர் வரைந்த 'இளம் பெண்கள்' என்ற ஓவியம் அடுத்த ஆண்டு பாரிஸ் சலோனில் பரிசு பெற்றது. அதன் வழியாக அவர் சலோனின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு இருபது வயது. படத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இடப்புறம் இருப்பவர் தங்கை இந்திரா. நாகரிகமான ஐரோப்பிய உடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். மற்றவர் பிரெஞ்சுத் தோழி. பாதி உடை நழுவிய கோலம். இந்தியத் தந்தையின் மகள் முழு ஐரோப்பிய உடையில் இருக்க, ஐரோப்பியப் பெண்தான் உடை குலைந்து இருக்கிறாள். கிழக்குத் தேசப் பெண் என்றாலே அரைகுறை ஆடையில் காட்டிப் பழகிய பாரிஸ் ஓவிய மரபை இந்த ஒரு படம் தலைகீழாகப் புரட்டுகிறது. அம்ரிதா வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலாக அமைந்ததா என்று கேட்டால், அவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்குத் தற்செயல் என்ற சொல் பொருந்தாது என்பேன்.

1934 இல் தம்மையே தாஹித்தித் தீவுப் பெண்ணாக வரைந்து கொண்டதும் இந்த வரிசையில்தான் வருகிறது. பால் கோகன் வரைந்து புகழ்பெற்ற தீவுப் பெண்களின் கோலம் அது. ஆனால் இங்கே வரைபவளும் வரையப்படுபவளும் ஒருத்தியே. பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல் மட்டும் தெரிகிறது.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். அதன்பின் பெரும்பாலும் சேலையே உடுத்தினார். பாரிஸ் கவுன்கள் பெட்டிக்குள் போயின. இதைத் தேசப்பற்று என்று சிலர் புகழ்வார்கள். வேடம் என்று சிலர் இகழ்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அழகாகத் தெரிவதில் அவருக்கு விருப்பம் இருந்தது. பெரிய காதணிகளோடு சேலையில் அவர் நிற்கும் நிழற்படங்களைப் பாருங்கள். தாம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்த ஒருவரைத்தான் காண்பீர்கள். நம்மில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் வந்த முதல் வாரத்தில் பாஜு கூரோங்கா, சுடிதாரா, ஜீன்ஸா என்று கண்ணாடி முன் தவித்திருக்கிறோம்! அதைவிட எளிதான முடிவாக அவருக்கு அது இருந்திருக்காது.

சிம்லாவில் அவர் 'மூன்று பெண்கள்', 'மலைநாட்டுப் பெண்கள்' போன்ற ஓவியங்களை 1935 இல் வரைந்தார். அங்கிருந்த ஓவியக் கழகம் அவர் அனுப்பிய படங்களில் சிலவற்றை நிராகரித்து வேறொன்றுக்குப் பரிசளித்தபோது பரிசைத் திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வயதுக்கு அது பெரிய துணிச்சல்தான். 'மூன்று பெண்கள்' 1937 இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றது.

இனி வருவதுதான் நமக்கு மிக நெருக்கமான பகுதி. 1936 இன் இறுதியில் அம்ரிதா தெற்கு நோக்கிப் பயணம் புறப்பட்டார். அஜந்தா, எல்லோராக் குகைகளைப் பார்த்து வியந்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து படி எடுத்தார். திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி வரை வந்தார். வண்ணங்களுக்குப் பேர் போன நாட்டில் அவர் கண்ணைக் கவர்ந்தது வெள்ளைத் துணி. கறுத்த மேனியில் வெளுத்த வேட்டி, வெளுத்த மேலாடை. அதன் மேல் கொளுத்தும் வெயில். ஐரோப்பாவில் கற்ற வண்ண அறிவு முழுவதையும் அந்தக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் அவர் செலவழித்தார்.

சிம்லாவுக்குத் திரும்பியபின் 1937 இல் மூன்று பெரிய ஓவியங்களை வரைந்தார். 'மணப்பெண் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்பன அவை. முதல் ஓவியத்தில் மணப்பெண் நடுவே அமர்ந்திருக்கிறாள், உள்ளங்கைகள் சிவந்திருக்கின்றன, ஒருத்தி அவளுக்குத் தலை பின்னுகிறாள். மொரிசோவின் கண்ணாடி முன் அமர்ந்த பெண்ணுக்கு இவள் தூரத்து உறவு. ஆனால் இவளுக்குக் கண்ணாடி இல்லை; தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும் மகிழ்ச்சியும் இல்லை. கல்யாண வீடுகளில் அலங்காரம் முடிந்து அறையில் தனியே உட்கார வைக்கப்பட்ட அக்காமார்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்ரிதாவும் அதைப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது ஓவியம்தான் என்னை விடாமல் பிடித்துக் கொண்டது. நெடிய, மெலிந்த, கறுத்த மனிதர்கள். வெளிறிய துணி. யாரும் சிரிக்கவில்லை. என் பாட்டியின் பெற்றோர் அதே காலத்தில்தான் அதே தெற்குச் சீமையிலிருந்து கப்பலேறி குளுவாங் வட்டாரத்தில் ஒரு இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார்கள். 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முந்திய கடைசிக் கூட்டத்தில் வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அம்ரிதாவின் அந்தப் படத்தை நூலகத்துப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, எங்கள் வீட்டில் இல்லாத குடும்பப் படம் இதுதானோ என்று தோன்றியது.

இதைக் கழகத்து வாசகர் வட்டத்தில் சொன்னபோது மூத்த மாணவர் ஒருவர் மறுத்தார். சீமாட்டி ஒருத்தி வறியவர்களின் சோகத்தை அழகாக்கி விற்றாள், அவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை என்பது அந்த அண்ணனின் வாதம். பெயர் இல்லை என்பது உண்மை. சிம்லாவில் கிடைத்த ஆட்களை மாதிரியாக வைத்து வரைந்ததால் அவை தெற்கத்திய மனிதர் எவருடைய உருவப்படமும் ஆகா என்பதும் உண்மை. ஆனால் விற்றாள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வாழ்நாளில் ஓவியங்கள் மிகக் குறைவாகவே விலை போயின. மைசூர் மகாராஜா அவர் படங்களை விட்டுவிட்டு இரவிவர்மா ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். அதில் வியப்பு என்ன? இரவிவர்மாவின் பெண்கள் பட்டுச் சேலையும் பொன் நகையுமாய்த் தோன்றி நாட்காட்டி வழியாக நம் தோட்டத்து லயத்து வீடுகள் வரை வந்து சேர்ந்தவர்கள். எங்கள் சாமி அறையிலும் அந்த முகங்களே தொங்கின. நகையில்லாத, கறுத்த, களைத்த பெண்ணை வரவேற்பறையில் மாட்ட அன்று யாருக்கு மனம் வரும்?

1937 இல் டில்லியில் நடந்த கண்காட்சியின்போது ஜவஹர்லால் நேருவின் நட்புக் கிடைத்தது. இருவரும் கடிதம் எழுதிக் கொண்டார்கள். பின்னர் அம்ரிதாவின் பெற்றோர் அக்கடிதங்களை எரித்துவிட்டார்கள். ஓவியத்தைவிட மகளின் பெயருக்கு அஞ்சிய பெற்றோர்!

1938 இல் ஹங்கேரி சென்று தாயின் சகோதரி மகனும் மருத்துவருமான விக்டர் ஏகனை மணந்தார். மறு ஆண்டு இருவரும் இந்தியா திரும்பி, கோரக்பூருக்கு அருகே சராயாவில் உறவினரின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் தங்கினார்கள். அங்கே அவர் கண்டது வேறோர் உலகம். கட்டிலில் சாய்ந்து கிடக்கும் பெண்கள், தலைவாரிக் கொள்ளும் பெண்கள், வெளியே போக இடமில்லாத பெண்கள். முகலாய, பஹாரிச் சிற்றோவியங்களின் சிவப்பும் பச்சையும் அவர் திரையில் பரவின. மொரிசோவின் நான்கு சுவர்களும் சராயாவின் நான்கு சுவர்களும் ஒன்றல்ல; ஆனால் இரண்டுக்குள்ளும் இருந்து வரைந்தவர்கள் பெண்கள்.

1941 செப்டம்பரில் கணவருடன் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். பெரிய தனிக் கண்காட்சி ஒன்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அது தொடங்கச் சில நாள்களே இருந்தபோது திடீரென நோயுற்று டிசம்பர் 5 ஆம் நாள் நள்ளிரவு வாக்கில் காலமானார். வயது இருபத்தெட்டு. காரணம் குறித்து இன்றுவரை பல கதைகள். எதற்கும் முடிவான சான்றில்லை. மூன்று நாள் கழித்து ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அவர் வரைந்த தெற்கத்தியரைப் போன்ற எத்தனையோ பேர் மலாயாத் தோட்டங்களில் மாட்டிக் கொண்ட காலம் அன்று தொடங்கியது.

பாரிசில் பயின்ற இன்னொரு ஆசியப் பெண்ணையும் நாம் அறிந்து வைப்பது நல்லது. ஜோர்ஜெட் சென் (1906–1993) 1951 இல் பினாங்குக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் குடியேறி, இங்குள்ள பழங்களையும் மக்களையும் வரைந்தார். அவர் கதை தனியே எழுதத் தக்கது.

அம்ரிதாவின் 'மலைநாட்டுப் பெண்கள்' 1978 இல் இந்திய அஞ்சல் தலையில் வந்தது. 1937 இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' 2023 செப்டம்பரில் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்கு விலை போனது. அந்நாள்வரை எந்த இந்திய ஓவியமும் அத்தொகையைத் தொட்டதில்லை. ஆனால் அவருடைய ஓவியங்களை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்துள்ளதால் நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. பெரும் பகுதி புதுடில்லியில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் இல்லத்தில் இருக்கும் தேசிய நவீனக் கலைக் காட்சியகத்தில் உள்ளது. விடுமுறையில் வட இந்தியா செல்லும் நம் மாணவர்கள் தாஜ்மகாலுக்குப் போகும் வழியில் அங்கே ஒரு மணி நேரமாவது செலவிடலாம். அம்ரிதாவின் ஓவியங்கள் முன் நிற்கும்போது யாருடைய ஜாடையாவது தெரிகிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.