புரதங்களில் 'மாறாத எழுத்துகளை' தேடியவர்... யார் இந்த மார்கரெட் டேஹாஃப்?

மனித உடலில் இருக்கும் ஒரு புரதம், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிலும் இருக்கிறது. அதன் பெயர் சைட்டோகுரோம் சி. உணவிலிருந்து செல்கள் ஆற்றல் எடுக்கும் வேலையில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. மனிதனும் ஈஸ்ட்டும் பரிணாமப் பாதையில் பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இரண்டு புரதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதிக்கும் மேல் அப்படியே ஒத்துப்போகும்!

இத்தனை காலத்தில் எத்தனையோ இடங்கள் மாறியிருக்க, சில இடங்கள் மட்டும் ஏன் அசையவே இல்லை? இந்தக் கேள்விக்கு எண்களால் பதில் தேடியவர்தான் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப்.

கணக்கில் தொடங்கிய பயணம்

1925 மார்ச் 11-ம் தேதி பிலடெல்ஃபியாவில் பிறந்தார். 1945-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம், 1948-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். கணினி என்ற வார்த்தையே பலருக்குத் தெரியாத காலம் அது. துளையிட்ட அட்டைகளில் ஓடும் அலுவலகக் கணக்கு இயந்திரங்களை வைத்து மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டார். குழந்தைகளை வளர்ப்பதற்காக நடுவில் சில ஆண்டுகள் ஆய்வை விட்டு விலகியும் இருந்தார்.

1960-ல் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் சேர்ந்த பிறகுதான் ஆட்டமே மாறியது. புரதம் என்பது 20 வகை மணிகளைக் கோத்த மாலை மாதிரி. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். ஆய்வகத்தில் மாலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வரிசையைக் கண்டுபிடிக்க முடியும். அந்தத் துண்டுகளை மறுபடி சரியாகச் சேர்த்துத் தரும் கணினி நிரலை, ராபர்ட் லெட்லியுடன் சேர்ந்து 1962-ல் வெளியிட்டார்.

1965-ல் வந்தது 'அட்லஸ்'. அதுவரை வரிசை தெரிந்த 65 புரதங்களை ஒரே புத்தகத்தில் தொகுத்தார். அமினோ அமிலங்களை மூன்று எழுத்தில் எழுதினால் கணினியில் இடம் பத்தாது. அதனால் ஒற்றை எழுத்துக் குறியீட்டை உருவாக்கினார். அலனினுக்கு 'ஏ', டிரிப்டோபேனுக்கு 'டபிள்யூ'. அவ்ளோதான்!

மாறாத இடம் சொல்லும் ரகசியம்

ஒரு இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் மாறி, புரதம் வேலை செய்யாமல் போனால் அந்த உயிர் பிழைப்பது கஷ்டம். அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆக, பல உயிரினங்களிலும் மாறாமலே இருக்கும் இடம்தான் புரதத்தின் உயிர்நாடி. சைட்டோகுரோம் சி-யில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹிஸ்டிடின் இப்படிப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இந்தப் புரதத்தின் 104 இடங்களுமே ஒன்றுதான். அதற்காக 104-ம் முக்கியம் என்று சொல்ல முடியுமா? முடியாது. பிரிந்து அதிக காலம் ஆகவில்லை, மாற நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஈஸ்ட்டிலும் மாறவில்லை என்றால்தான் அது பெரிய விஷயம்.

இன்னொன்று, சில அமினோ அமிலங்கள் சுலபமாக இடம் மாறும். சில லேசில் மாறாது. இதை அளக்க, 71 புரதக் குழுக்களில் நடந்த 1,572 மாற்றங்களை டேஹாஃபின் குழு எண்ணியது. 1978-ல் வெளியான அந்த 'பாம்' அட்டவணையில், டிரிப்டோபேன் மாறாமல் இருந்தால் 17 மதிப்பெண். செரின் மாறாமல் இருந்தால் வெறும் 2! பார்க்க இரண்டும் 'மாறவில்லை'தான். ஆனால் எடை வேறு.

கைநழுவிய வாய்ப்பு

இவ்வளவு செய்தும், தகவல் திரட்டுவதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்ற அலட்சியம் சக விஞ்ஞானிகள் பலரிடம் இருந்தது. பிரசுரமாகாத வரிசைகளைத் தர தயங்கினார்கள். செலவை ஈடுகட்ட அறக்கட்டளை அட்லஸை விலைக்கு விற்றது. அதுவும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஊரார் உழைப்பை விற்கலாமா என்ற அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிலையான நிதி தர ஆளில்லாதபோது, அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

1980-ல் தொலைபேசி இணைப்பு வழியாகவே தன் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் வசதியைத் திறந்துவிட்டார். ஆனாலும் 1982-ல் அமெரிக்க அரசு, 'ஜென்பேங்க்' என்ற தேசிய மரபணுத் தரவுத்தளப் பணியை லாஸ் அலமோஸ் ஆய்வகத்தோடு இணைந்த குழுவிடம் கொடுத்தது. போட்டியில் இருந்த டேஹாஃபுக்குக் கிடைக்கவில்லை.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1983 பிப்ரவரி 5-ம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 57. அவரது தொகுப்பு அடுத்த ஆண்டே புரதத் தகவல் மையமாக உருவெடுத்தது. அது பின்னர், இன்று உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் 'யூனிப்ராட்' தரவுத்தளத்தில் இணைந்தது. கொரோனா வைரஸின் உருமாற்றங்களுக்கு 'டி614ஜி', 'என்501ஒய்' என்று பெயர் வைத்தார்களே, அதில் எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் எழுத்துகள் டேஹாஃபின் ஒற்றை எழுத்துக் குறியீடுகள்தான்.