இருட்டு ரோட்டில் படுத்திருக்கும் கண்ணாடி விரியன்: அதற்குப் பெயர் கொடுத்த அலெப்போ டாக்டர் யார்?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இரவில் பைக்கில் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் ஒற்றை ரோடு, தெருவிளக்கு கிடையாது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஏதோ கிடக்கும். கிட்டப் போனால் பிரஷர் குக்கர் விசில் விடுவது போல ஒரு சீற்றம். கண்ணாடி விரியன்!

செட்டிநாட்டின் செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை, வயல் வரப்பு எல்லாம் எலிகளுக்குப் பிடித்த இடங்கள். எலி இருக்கும் இடத்தில் விரியனும் இருக்கும். பெரும்பாலும் இரவில்தான் நடமாட்டம் என்பதால் ரோட்டைக் கடக்கும்போது மனிதர்கள் கண்ணில் படுகிறது.

ஆங்கிலத்தில் இந்தப் பாம்பின் பெயர் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்'. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம், நியூஸில் கேட்டிருப்போம். ஆனால் அந்த ரஸ்ஸல் யார்?

பாலைவன ஓரத்தில் 20 ஆண்டுகள்

பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த டாக்டர். அவருடைய அண்ணன் (ஒரே அப்பா, வேறு அம்மா) அலெக்சாண்டர் ரஸ்ஸல் சிரியாவின் அலெப்போ நகரில் ஆங்கிலேய வியாபாரிகளுக்கு டாக்டராக இருந்தார். 1750இல் பேட்ரிக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1753இல் அண்ணன் ஊர் திரும்ப, அந்த வேலை தம்பிக்கு வந்தது.

அலெப்போ பாலைவனத்தின் வாசலில் இருக்கும் ஊர். அங்கிருந்து ஒட்டகக் கூட்டங்கள் பாலைவனத்தைக் கடந்து பாஸ்ராவுக்குப் போகும். இந்தியாவுக்கான கடிதங்களும் அந்த வழியில் போனதுண்டு. ஒரு தகவல்: சிரியாவிலும் ஒரு விரியன் இருக்கிறது. 'பாலஸ்தீன விரியன்' என்பார்கள். நம்ம கண்ணாடி விரியனுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம், ரெண்டும் ஒரே பேரினம்.

ஆனால் அங்கே ரஸ்ஸலுக்குத் தலைவலியாக இருந்தது பாம்பு அல்ல, பிளேக். 1760 முதல் 1762 வரை அலெப்போவை அது ஆட்டிப் படைத்தது. நோய் எப்படிப் பரவுகிறது, யாருக்கு எந்த நாளில் என்ன அறிகுறி என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். பிற்பாடு 1791இல் அது பெரிய புத்தகமாக வந்தது. ஊர் ஆளுநரான பாஷா, தலைப்பாகை கட்டிக்கொள்ளும் உரிமையை இவருக்குக் கொடுத்தார் என்றால் அவர் பெற்றிருந்த மரியாதையைப் புரிந்துகொள்ளலாம்.

பார்த்ததை எழுதி வைக்கிற இந்தப் பழக்கம்தான் பின்னால் பாம்பு விஷயத்தில் கைகொடுத்தது.

விசாகப்பட்டினத்தில் இரண்டாவது இன்னிங்ஸ்

1771இல் அலெப்போவை விட்டுக் கிளம்பியவர், 1777இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அத்தோடு செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் தம்பி கிளாட் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகியாக விசாகப்பட்டினத்துக்கு வர, 1780களின் தொடக்கத்தில் இவரும் கூடவே வந்துவிட்டார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

தென்னிந்தியாவுக்கு அது கொந்தளிப்பான நேரம். ஹைதர் அலியோடு கம்பெனி மோதிக்கொண்டிருந்தது. 1780இல்தான் வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையை மீட்டிருந்தார். இந்தச் சத்தத்துக்கு நடுவே, 1785இல் கர்நாடகப் பகுதிக்கான கம்பெனியின் இயற்கையியலாளராக ரஸ்ஸல் நியமிக்கப்பட்டார். செடிகளைச் சேகரிப்பதுதான் முக்கிய வேலை. ஆனால் டாக்டர் என்பதால் பாம்புக்கடி அவரைச் சும்மா விடவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது: பாம்பின் வாயைத் திறந்து பார்க்காமல், அது விஷப்பாம்பா இல்லையா என்று சொல்ல முடியுமா?

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அந்தக் கால ஐரோப்பிய முறைப்படி, பாம்பை அடையாளம் காண அதன் வயிற்றிலும் வாலடியிலும் இருக்கும் செதில்களை எண்ண வேண்டும். செத்த பாம்பை மேஜையில் கிடத்தி எண்ணலாம், சரி. வரப்பில் கடி வாங்கியவர் எதை எண்ணுவார்?

ரஸ்ஸல் பாம்புகளைச் சேகரித்தார், வரைய வைத்தார், நிறம், தலையின் அமைப்பு, செதில் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். கோழிகளையும் நாய்களையும் கடிக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று குறித்தார். இன்று படித்தால் மனசு கஷ்டப்படும் சோதனைகள்தான். அந்தச் சோதனைகளில் கண்ணாடி விரியன் நல்ல பாம்புக்கு அடுத்தபடியாகக் கொடியது என்பது தெரிந்தது. ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து விஷப்பாம்பைப் பிரித்துச் சொல்லும் ஒற்றை விதி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாம்பையும் தனித்தனியாகப் படம் போட்டுத்தான் காட்ட முடிந்தது.

அந்தப் படங்கள்தான் 1796இல் கம்பெனி வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றிய புத்தகம். ஊர் மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே பாம்புகளுக்கு அடியில் எழுதினார். இது சின்ன விஷயமல்ல. மஞ்சள் பட்டை போட்ட ஒரு பாம்பைத் தங்கப் பாம்பு என்ற பொருளில் 'பங்காரு பாமு' என்று அவர் பதிவு செய்ய, அதை வைத்துத்தான் கட்டுவிரியன் இனத்துக்கே 'பங்காரஸ்' என்ற அறிவியல் பெயர் வந்தது. பெயர் தெரியாத பாம்பு பிடிக்கிறவர்களின் பங்கு லத்தீன் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

தஞ்சாவூர் மாத்திரை

அப்போது பாம்புக்கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற ஒன்று பிரபலம். அதில் இருந்த முக்கியச் சரக்கு ஆர்சனிக், அதாவது பாஷாணம். இந்த மாத்திரை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ரஸ்ஸல் சோதித்துப் பார்த்தார்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? பாம்பு கடித்தவர்களில் பலரைக் கடிப்பது விஷமில்லாத பாம்பு. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காது. இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வெல்லத்தைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள். பிறகு வெல்லத்துக்குப் பெயர் கிடைத்துவிடும்! கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாதவரை எந்த மருந்தையும் நம்ப முடியாது. மந்திரமும் பச்சிலையும் இன்றுவரை பிழைத்திருப்பது இந்த ஓட்டையில்தான்.

பெயர் வந்த கதை

1789இல் ரஸ்ஸல் இங்கிலாந்து திரும்பினார். 1797இல் ஜார்ஜ் ஷா, ஃப்ரெடரிக் நாடர் இருவரும் கண்ணாடி விரியனுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ரஸ்ஸலின் பெயரைச் சேர்த்தார்கள். இன்று அது 'டபோயா ரஸ்ஸெலி'.

இப்போது ஆஸ்பத்திரி லேபிலும் அவர் பெயர் ஓடுகிறது. இந்த விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துவிடும். அதே விஷத்தை மிகக் குறைந்த அளவில் ரத்த மாதிரியில் கலந்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். லூபஸ் சம்பந்தப்பட்ட ஒரு ரத்தப் பிரச்சினையைக் கண்டுபிடிக்க உதவும் அந்தச் சோதனையின் பெயரிலேயே ரஸ்ஸல் விரியன் இருக்கிறது.

ரோட்டில் எதிர்ப்பட்டால்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், அது கடந்து போகட்டும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுக்க வேண்டாம். கண்ணாடி விரியனை அப்படித் தப்பாக நினைக்கிறவர்கள் நிறைய. முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசை வட்டங்கள் இருக்கும். செல்போன் வெளிச்சத்தில் அதைச் சரிபார்க்கும் வேலையே வேண்டாம்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். எந்தப் பாம்பு என்று தெரியாமலேயே சிகிச்சையைத் தொடங்க முடிகிற இந்த வசதி ரஸ்ஸல் காலத்தில் இல்லை.

கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாத ரஸ்ஸல், ஊர் திரும்பிய பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அண்ணனின் அலெப்போ புத்தகத்தை விரிவாக்கி 1794இல் கொண்டுவந்தார். 1803இல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200 பற்றி எழுதினார். பாம்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தபோது, 1805 ஜூலை 2இல் லண்டனில் இறந்தார். மிச்சமிருந்த பகுதிகள் 1807இலும் 1809இலும் வெளியாயின.