ஊரிடம் கற்ற கட்டடக் கலைஞர்

கொல்லயிலிலிருந்து தெற்கே சென்றால் தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணலாம். வடக்கே சென்றால் திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் காணலாம். முன்னதைத் திருவிதாங்கூர்த் தச்சர்கள் எழுப்பினர். பின்னதை வடிவமைத்தவர் கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலேயர். ஆயினும் இரண்டின் கூரைகளும் உறவினர்போல் தோன்றுகின்றன. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

இராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் 1840இல் இலண்டனில் பிறந்தார். இளமையிலேயே இந்தியாவிற்கு வந்து பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். சென்னையில் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக மன்றத்திற்கும் கட்டடம் எழுப்ப அரசு வரைபடங்களைப் போட்டி முறையில் கோரியது. சிசோமின் வரைபடங்கள் வென்றன. பின்னர் அவர் சென்னை அரசின் கட்டடக் கலைஞரானார்.

1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரி இத்தாலிய பாணியைத் தழுவியது. அக்காலத்தில், அரசுக் கட்டடங்கள் ஐரோப்பிய வடிவில் அமைவதே பெருமை எனப் பலர் எண்ணினர். சென்னை ஆளுநராக விளங்கிய நேப்பியர் பிரபு வேறு கருத்துடையவர். இந்நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கட்டட முறை இந்நாட்டிலேயே உண்டு என அவர் கருதினார். சிசோமும் அவ்வழியில் சென்றார். 1879இல் நிறைவுற்ற செனட் இல்லத்தில் இந்திய, இசுலாமிய, பைசாந்தியக் கலைகள் ஒன்றுகலந்தன.

திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகம் அமைக்கும் பணி அவரிடம் வந்தபோது, சென்னையில் கட்டியதையே அவர் மீண்டும் கட்டவில்லை. இப்பகுதியில் மழை மிகுதி. காற்றில் ஈரமும் மிகுதி. சரிந்த ஓட்டுக் கூரை, நீண்டு இறங்கும் இறவாரம், செதுக்கிய மரவேலைப்பாடு ஆகியவை அழகுக்காக மட்டும் தோன்றியவை அல்ல என்பதை அவர் உணர்ந்தார். அவை மழைநீரை விலக்கும், நிழல் தரும். அவற்றை ஏற்று, பல வண்ணச் சுவர்களையும் காற்று உலவும் வழிகளையும் அமைத்தார். 1880இல் கட்டடம் நிறைவுற்றது. நேப்பியரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராகவும் சிசோம் பணிபுரிந்தார். பரோடாவில் இலட்சுமி விலாச அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மாண்ட் 1881இல் மறைந்தார். அப்பெரும்பணியைச் சிசோமே ஏற்று முடித்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, 1915இல் காலமானார்.

அவர் வரைந்த கோடுகளைச் சுவராகவும் கூரையாகவும் ஆக்கியோர் கொத்தர்களும் தச்சர்களும் ஆவர். அவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்களின் கைத்திறனை இன்றும் காண்கிறோம். வேற்றூரில் வாழ்பவர் அவ்வூரின் அறிவை மதித்துக் கற்றால், தாம் செய்யும் பணியும் அவ்வூருக்கு உரியதாகிவிடும் என்பதற்கு அருங்காட்சியகம் சான்றாக நிற்கிறது.

சிந்தித்து எழுதுக

1. சிசோம் சென்னையில் கட்டிய முறையிலேயே திருவனந்தபுரத்தில் ஏன் கட்டவில்லை?
2. உம் வீட்டின் கூரையும் சன்னல்களும் வெயிலையும் மழையையும் எவ்வாறு தாங்குகின்றன? ஐந்து தொடர்களில் எழுதுக.