டாட் காம், டாட் இன் பெயர்களுக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

காரைக்காலில் இருந்து கடலோரமாக வடக்கே போனால் வரும் ஊர் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய சிவன் கோயில் இருக்கும் ஊர். புதுச்சேரி என்ஐடியின் வளாகமும் இங்கேதான் இருக்கிறது. கவுன்சலிங் சீசனில் எங்கெங்கோ இருக்கும் மாணவர்கள் செல்போனில் தட்டுகிற முகவரி: என்ஐடிபிஒய் டாட் ஏசி டாட் இன்.

அதில் வரும் பிஒய் புதுச்சேரியைக் குறிக்கிறது. காரைக்கால் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் பிஒய் 02 என்று பார்க்கிறோமே, அதே பிஒய். ஆனால் இந்த இரண்டெழுத்து முகவரியின் கடைசியில் வந்தால் கதை வேறு. டாட் பிஒய் என்பது தென் அமெரிக்காவில் இருக்கும் பராகுவே நாட்டுக்குச் சொந்தம்!

இதையெல்லாம் யார் முடிவு செய்தது? அதற்கு முன், முகவரியைத் தட்டியதும் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கணினிகளுக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். அதனால் முதலில் ரூட் சர்வர் எனப்படும் தலைமைக் கணினியிடம், டாட் இன்னைக் கவனிப்பது யார் என்ற விசாரணை போகும். அது கைகாட்டும் இடத்தில் ஏசி டாட் இன் பற்றிக் கேட்டு, கடைசியில் கல்லூரி சர்வரின் எண் கிடைக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. (ஒருமுறை கிடைத்த பதிலை வழியில் இருக்கும் கணினிகள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் இவ்வளவு அலைச்சல் கிடையாது.)

இந்தப் பட்டியலின் உச்சியில் எந்தப் பெயர் இருக்கலாம், அதை யார் பொறுப்பில் விடலாம் என்பதை 1998 வரை கவனித்துவந்தது பெரிய அமைப்பு எதுவும் இல்லை. கிட்டத்தட்ட ஒரே ஒரு மனிதர். அவர்தான் ஜான் போஸ்டல்.

கேட்டு வாங்கிய வேலை

1943 ஆகஸ்ட் 6-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் போஸ்டல். பின்னாளில் இணையத்தின் தந்தைகளில் ஒருவர் என்று பெயர் வாங்கிய வின்ட் செர்ஃப் படித்த அதே வான் நைஸ் பள்ளியில்தான் இவரும் படித்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம், அங்கேயே 1974-ல் முனைவர் பட்டம். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் 1969 அக்டோபர் 29-ல் முதல் செய்தி கிளம்பியது அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான். போஸ்டல் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவர்.

வலை வளர வளர, எந்த எண் எந்த வேலைக்கு என்று யாராவது கணக்கு வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம்தானே? 1972 மே மாதம் சக ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார் போஸ்டல். எண்களைப் பிரித்துக் கொடுக்க ஒருத்தர் வேண்டும் என்று சொல்லி, அது நானாகவே இருக்கலாமா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. இறக்கும்வரை அந்த வேலை அவரிடமே இருந்தது.

நீளமான தாடி, காலில் சாண்டல்ஸ், லீவு கிடைத்தால் மலையேற்றம். கோட்டு சூட்டு போட்ட அதிகாரிகள் நடுவே இவரைப் பார்த்தவர்கள் குழம்பித்தான் போயிருப்பார்கள். ஆனால் இணையத்தின் விதிமுறைகள் வெளியாகும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசைக்கு ஏறக்குறைய 28 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் இவர்தான்.

போன் போட்டுப் பெயர் சேர்த்த காலம்

டொமைன் பெயர்கள் வருவதற்கு முன்பு வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. அதைப் பராமரித்தது கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய குழு. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமா? ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. மாற்று வழி தேடும் பொறுப்பைப் போஸ்டல் தன்னுடன் வேலை பார்த்த பால் மொக்காபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983-ல் பிறந்தது இன்று நாம் பயன்படுத்தும் டிஎன்எஸ். மறுவருடம் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணத்தில் டாட் காம், டாட் எஜு, டாட் கவ், டாட் மில், டாட் ஆர்க் எல்லாம் இடம்பிடித்தன. 1985 மார்ச் 15-ல் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. அப்போது பதிவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

நாடுகளுக்கான பெயர்களில்தான் போஸ்டலின் சாமர்த்தியம் தெரியும். எது நாடு, எது நாடு இல்லை என்று ஒரு கணினி ஆராய்ச்சியாளர் தீர்ப்புச் சொல்ல முடியுமா? 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் சிக்கல் நன்றாகவே புரியும். போஸ்டல் அந்த வம்புக்கே போகவில்லை. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு ஏற்கெனவே வைத்திருந்த இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்தால் பெயர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படித்தான் பராகுவேக்கு பிஒய் போனது. இந்தியாவுக்கான டாட் இன் 1989 மே 8-ல் பதிவானது.

கரீபியன் தீவான அங்குவிலாவுக்கு 1995-ல் டாட் ஏஐ கிடைத்ததும் இதே விதிப்படிதான். அந்த இரண்டு எழுத்துக்கு ஒருநாள் இவ்வளவு கிராக்கி வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கியதில் 2023-ல் மட்டும் அந்தக் குட்டித் தீவுக்கு ஏறக்குறைய 3.2 கோடி டாலர் வருமானம்.

பணம் நுழைந்தது

1994 மார்ச்சில் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 1591 சில பக்கங்கள் கொண்ட சின்ன ஆவணம்தான். ஒரு நாட்டின் பெயரை நிர்வகிப்பவர் அதன் உரிமையாளர் அல்ல, ஊர் மக்களுக்காகப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர் மாதிரி என்பது அதன் சாரம். டொமைன் பதிவு செய்துவிட்டால் டிரேட்மார்க் உரிமை வந்துவிடாது என்றும் அதில் தெளிவாகச் சொன்னார்.

ஆனால் 1995 செப்டம்பரில் நிலைமை மாறியது. டாட் காம் பதிவைக் கவனித்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தது. முந்திக்கொண்டு பெயரைப் பிடித்து, பிறகு பெரிய விலைக்கு விற்கும் கூட்டமும் பெருகியது. 1999-ல் பிசினஸ் டாட் காம் என்ற ஒற்றைப் பெயர் 75 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இனி இந்தப் பட்டியல் யார் கையில்? ஆராய்ச்சியாளர்களா, அந்த நிறுவனமா, அமெரிக்க அரசா?

1998 ஜனவரி 28-ல் போஸ்டல் செய்த காரியம் வாஷிங்டனையே உலுக்கியது. ரூட் சர்வர்களை நடத்திய 12 அமைப்புகளில் எட்டுக்கு மெயில் அனுப்பினார். மூலப் பட்டியலை இனி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கணினியில் இருந்து எடுக்காதீர்கள், என் கணினியில் இருந்து எடுங்கள் என்பதுதான் சேதி. எட்டுப் பேரும் மறுபேச்சு இல்லாமல் மாறினார்கள். உலகத்தில் யாருடைய இணையமும் நிற்கவில்லை. ஆனால் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று ஒரே மெயிலில் தெரிந்துபோனது. கிளின்டன் அரசின் ஆலோசகர் ஐரா மேகசினரிடம் இருந்து கடுமையான எச்சரிக்கை வந்தது. இது வெறும் சோதனைதான் என்று விளக்கம் கொடுத்த போஸ்டல், சில நாட்களில் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே திருப்பினார். அவர் நோக்கம் உண்மையில் சோதனையா, எதிர்ப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தேதியைப் பார்த்தால் வெறும் சோதனை என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம். நிர்வாகத்தை மாற்றும் திட்ட வரைவை அமெரிக்க அரசு வெளியிட்டது அடுத்த இரண்டே நாளில்.

அந்த வருடம் செப்டம்பர் 30-ல் ஐகேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பதிவானது. இன்று உலகின் டொமைன் பெயர்களை ஒருங்கிணைப்பது அதுதான். அது உருவாக ஓடியாடி வேலை செய்த போஸ்டல், 16 நாட்கள் கழித்து, அக்டோபர் 16-ல் இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலால் இறந்தார். வயது 55.

திருவேட்டக்குடியில் கருவாடு விற்றால்?

போஸ்டல் விட்டுப்போன விதி, முதலில் வந்தவருக்கே பெயர் என்பது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் சேரப்போகின்றன என்ற பேச்சு வந்ததுமே ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பெயரை ஒரு டெல்லி இளைஞர் முன்கூட்டியே வாங்கி வைத்து, தன் படிப்புச் செலவை ஏற்கும்படி ரிலையன்ஸிடம் கேட்டது ஞாபகம் இருக்கலாம். ஆனால் முந்திவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் சிஃபி பெயரை ஒட்டி, ஒரு எஃப் மட்டும் கூடுதலாகப் போட்டு இன்னொரு நிறுவனம் டொமைன் வாங்கியது. 2004-ல் உச்ச நீதிமன்றம், வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று சிஃபி பக்கம் தீர்ப்பளித்தது.

சரி, திருவேட்டக்குடியில் ஒருவர் ஆன்லைனில் கருவாடு விற்க, ஊர் பெயரிலேயே டொமைன் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைவலி ஸ்பெல்லிங். தொடக்கத்தில் டிஎச்சா, வெறும் டியா? நடுவில் ஒரு கே போதுமா, இரண்டு வேண்டுமா? கடைசி எழுத்து ஒய்யா, ஐயா? போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாகத் தட்டுவாரா என்று சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள் இத்துறை நிபுணர்கள். இந்தப் பெயர் அதில் தேறாது! ஒன்று, சின்னதாக வேறு பெயர் யோசிக்கலாம். இல்லையென்றால் முக்கியமான ஸ்பெல்லிங்குகள் எல்லாவற்றையும் வாங்கி ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா பெயரும் வாங்கலாம். எழுத்துப் பிழை அங்கேயும் வரும் என்பது வேறு விஷயம். 2007-ல் ஐகேன் தமிழில் சோதனை ஓட்டம் நடத்தியபோது ரூட் சர்வரில் ஏறிய பெயரே பரிட்சை. பரீட்சையில் நெடிலைக் கோட்டை விட்டிருந்தார்கள்!

பெயர் காலியாக இருக்கிறது என்பதற்காக உடனே வாங்கிவிடாமல், அதே பெயரில் டிரேட்மார்க் இருக்கிறதா என்று அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிவிடுவது நல்லது. பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் டொமைனைப் பதிந்துவிடுவார். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையின் முகவரியே போச்சு. பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை மறந்தாலும் பெயர் கைமாறிவிடலாம்.

இப்போது டாட் ஐஓ

அமெரிக்க அரசுக்கு இந்தப் பட்டியலின் மேல் இருந்த ஒப்பந்தப் பிடி 2016 அக்டோபர் 1-ல் முடிந்தது. ஆனால் நாடுகளுக்கு எந்த எழுத்து என்ற கேள்விக்குப் போஸ்டல் கண்டுபிடித்த வழிதான் இன்றும் நடைமுறை. ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் விரும்பி வாங்கும் டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்கு உரியது. அந்தச் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே 22-ல் பிரிட்டன் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பிரதேசமே இல்லை என்று ஆகி, ஐஎஸ்ஓ பட்டியலில் இருந்து ஐஓ நீக்கப்பட்டால், டாட் ஐஓ பெயர்களும் சில வருட அவகாசத்துக்குப் பிறகு ஓய்வு பெற வேண்டி வரலாம்.