வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும்

தமிழுக்குத் தொண்டு செய்த அந்நியருள் வீரமாமுனிவர் பெயரை அறியாதார் நம் நாட்டில் இலர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், பரமார்த்த குரு கதையால் சிறுவரையும் முதியவரையும் ஒருங்கே நகைக்கச் செய்தவர் என்று பள்ளிப் பாடங்கள் அவரைப் புகழ்கின்றன. ஆயினும் அவருடைய ஜீவியத்தில் ஒரு பகுதி கடுமையான வாதப் போரிலே சென்றது என்பதையும், அப்போர் தம்மைப் போலவே கிறிஸ்துவை வணங்கிய லூத்தர் சபையாரோடு நிகழ்ந்தது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒருவன் தான் பிறந்த மதத்தை விட்டு வேறொன்றைத் தழுவலாமா, தழுவினால் அவனை மற்றவர் எவ்வாறு நடத்த வேண்டும் என்ற கேள்வி நம் தேசத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆதலின் அம்முனிவருடைய சரித்திரத்தை இந்த நோக்கோடு ஒருமுறை ஆராய்வது பயனுடையதாகும்.

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரத்தை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆந் தேதி பிறந்தார். 1698-ல் இயேசு சபையிற் சேர்ந்தார். அச்சபை 1540-ல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது. 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் மூட்டிய கிளர்ச்சியால் ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகம் இரு கூறாகப் பிளந்தபோது, ரோமாபுரியின் பக்கத்தில் முன்னணியில் நின்று வாதாடியவர்கள் அச்சபையினரே. ஆகவே லூத்தர் கொள்கையை மறுப்பது தம் கடமை என்ற எண்ணம் பெஸ்கிக்கு இளமைக் கல்வியோடு ஊட்டப்பெற்றது என்று கொள்வதிற் பிழையில்லை. 1710-ல் கோவாவில் வந்திறங்கி, 1711-ல் மதுரை மிஷனை அடைந்தார்.

அவர் முதலில் ஊழியம் செய்த ஊர்களுள் ஒன்று காமநாயக்கன்பட்டி. அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே கோவிற்பட்டி, எட்டயபுரம் வரையில் பரந்து கிடக்கும் கரிசற் சீமையை நம் வாசகர்கள் அறிவர். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால் காலை விடாத சேறு. காய்ந்தால் கால் புதையும் வெடிப்பு. காவிரிக் கரையின் பசுமையை அவர் பின்னரே கண்டார். தமிழ் மக்களுடைய பேச்சும் வழக்கமும் அவருக்குப் பழகத் தொடங்கியது இந்தத் தென்பாண்டி நாட்டிலேதான். உடையிலும் உணவிலும் இந்நாட்டுச் சந்நியாசிகளின் ஒழுக்கத்தை மேற்கொண்டார். 1714-15-ல் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகி, அரிதில் உயிர் தப்பினார். பிறரைத் தம் மதத்திற்கு அழைத்த குற்றத்திற்கு என்ன விலை என்பதை அவர் ஏட்டிற் படித்து மட்டும் அறிந்தவரல்லர்.

அந்த விலையை முழுவதும் கொடுத்தவர் ஒருவர் அவருக்கு முன்பே இருந்தார். கரிசற் சீமைக்குக் கிழக்கே, திருச்சுழியையும் உட்கொண்ட சேதுபதிகளின் மறவர் நாட்டில் ஊழியம் செய்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவே அவர். சிறுவல்லித் தலைவராகிய தடியத்தேவர் கத்தோலிக்க மதத்தைத் தழுவி, ஒருத்தியை மட்டும் மனைவியாகக் கொண்டு ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அக்காரணத்தால் மூண்ட கோபத்தின் முடிவில், 1693-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ஆந் தேதி ஓரியூரில் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1947-ல் ரோமாபுரி அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையிற் சேர்த்தது. மூதாதையர் மதத்தை விட்டு நீங்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு என்ற உண்மையின் பொருட்டே அவர் குருதி சிந்தினார் என்று நாம் சொல்லலாம். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதே உரிமையைக் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர்கள் கையாளத் தொடங்கியபோதுதான் நம் சரித்திரத்தின் சிக்கல் ஏற்பட்டது.

1706-ஆம் வருஷம் ஜூலை 9-ஆந் தேதி டென்மார்க்கு அரசருடைய ஆதரவில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். இந்தியாவிற்கு வந்த முதல் புரொட்டஸ்டாண்டு மிஷனரிகள் இவர்களே. 1713-ல் அங்கே தமிழ் அச்சுக்கூடம் வேலை தொடங்கியது. 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. இவ்வேலைக்கு வேண்டிய மதபதங்கள் பலவற்றை, சர்வேசுரன் என்ற பெயர் உள்பட, கத்தோலிக்கரின் தமிழ்ச் சுவடிகளிலிருந்தே சீகன்பால்கு கற்றார். எதிரியின் களஞ்சியத்திலிருந்து விதை எடுத்து விதைத்தவாறாயிற்று.

இந்த அச்சுப் புத்தகங்கள் தஞ்சை நாட்டுக் கிராமங்களிற் பரவின. தஞ்சை அரசர் படையிற் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் ஒருவர் கையில் அவற்றுள் ஒன்று எப்படியோ சிக்கியது. படித்தார், மீண்டும் படித்தார், மனம் மாறித் தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்தார். பின்னர் உபதேசியாராகி, 1771-ல் இறக்குமளவும் அச்சபைக்கே உழைத்தார். அவரை வாளால் அச்சுறுத்தி யாரும் அழைத்துப் போகவில்லை. ஒரு புத்தகமே அழைத்தது. கத்தோலிக்கக் குருமாருக்கு இது எத்துணை கலக்கத்தை விளைத்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அவர்களுடைய கலக்கத்தைப் புரிந்துகொள்ள, பிரிவினையைப் பற்றிக் கத்தோலிக்க மதத்தின் கருத்து இன்னதென்று அறிதல் வேண்டும். திருச்சபை கிறிஸ்துவினால் அப்போஸ்தலராகிய இராயப்பர் மேல் நிறுவப்பட்டு, இடையறாத பரம்பரையாக வந்த ஒரே சரீரம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வேத புத்தகம் அச்சபையின் கையில் உள்ளது. அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் அச்சபைக்கே உரியது. எழுதாமல் வழங்கிவரும் பாரம்பரியமும் பிரமாணமே. 1545 முதல் 1563 வரையில் திரெந்து நகரிற் கூடிய பெருஞ்சங்கம் இவற்றை லூத்தருக்கு எதிராக உறுதி செய்தது. வேதம் ஒன்றே போதும், விசுவாசம் ஒன்றே மனிதனைக் கரையேற்றும் என்பது லூத்தர் வாதம். கத்தோலிக்கருக்கோ இது வெறும் அபிப்பிராய பேதம் அன்று. உடலினின்று ஓர் அங்கத்தை வெட்டுதற்கு ஒப்பானது. அச்சபையை ஒருபோதும் அறியாதவன் நிலை வேறு. அறிந்து, அதன் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, பின்னர் அதை விட்டு விலகியவன் நிலை வேறு. பின்னவனே மிகுந்த ஆபத்தில் இருக்கிறான் என்று அவர்கள் எண்ணினர். ராஜநாயக்கனைப் போன்றாரை இழந்தபோது, கணக்கில் ஓர் ஆள் குறைந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. ஓர் ஆத்துமம் கெட்டது என்றே வருந்தினர்.

இந்நிலையில் வீரமாமுனிவர் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். 1727-ல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். உபதேசியார் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைக் கூறும் இந்நூல், மந்தை சிதறுவதற்கு மேய்ப்பனின் அசிரத்தையும் ஒரு காரணம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று. 1728-ல் வேதவிளக்கம் வெளிவந்தது. அர்ச்சியசிஷ்டர்களை வணங்குதல், சுரூபங்களை வைத்தல், போப்பாண்டவரின் அதிகாரம் முதலியவற்றின்மேல் தரங்கம்பாடியார் கூறிய ஆட்சேபங்களுக்கு அதில் விடை பகர்ந்தார். திருச்சபை பேதகம் என்று அவர்கள் வெளியிட்ட பிரசுரத்திற்குப் பேதகமறுத்தல் என்ற நூலால் மறுப்பு எழுதினார். லூத்தரினத்தியல்பு என்ற நூலும் செய்தார். இவற்றிற் கடுஞ்சொற்கள் மலிந்திருத்தலை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தரங்கம்பாடியாரின் வேத மொழிபெயர்ப்பில் உள்ள தமிழ்நடையை அவர் எள்ளி நகையாடினார். பரிகாசம் வாதமாகாது, பிறர் பாஷையிற் பிழை காட்டுவதால் அவர் கொள்கை பொய்யாகிவிடாது. ஆயினும் பாமரனும் படித்து நியாயம் தேரும் வண்ணம் தமிழ் உரைநடையில் இரு சாராரும் வாதாடினர் என்பதே இங்கு முக்கியம். மதவாதத்தின் பொருட்டு எழுந்த அவ்வுரைநடை பின்னர்ப் பாஷைக்குப் பொதுச் சொத்தாயிற்று.

போரின் நடுவே ஒரு வியப்பு நிகழ்ந்தது. குருமார் பேச்சுத் தமிழைக் கற்கும்பொருட்டு அவர் லத்தீன் பாஷையிற் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்று 1728-ல் இயற்றினார். மதுரை மிஷனுக்கென்று அப்போது அச்சுக்கூடம் இல்லை. அவர்களுடைய நூல்கள் ஏட்டுப் பிரதிகளாகவே வழங்கின. அந்த இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டு வெளியிட்டவர் யாவர்? அவர் கண்டித்து எழுதிய அதே தரங்கம்பாடி மிஷனார்! தம்மைப் பேதகர் என்று இகழ்ந்தவருடைய நூலைத் தம் எழுத்துக் கோத்து, தம் காகிதத்தில் அச்சேற்றினர். கொள்கையிற் பகைவராயினும் கல்வியில் அவரைக் குருவாக ஏற்பதற்கு அவர்கள் நாணவில்லை. சண்டையிலும் இத்தகைய பெருந்தன்மை இருந்தது என்பதை நம் அரசியற் கட்சியினர் கவனிப்பார்களாக.

இதற்கு மாறான வழியும் அக்காலத்தில் இல்லாமலில்லை. பெஸ்கி வந்திறங்கிய கோவாவில் 1560-ல் ஏற்பட்ட மதவிசாரணை மன்றம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவன் கொள்கை பிறழ்ந்தால் அவனைச் சிறையிட்டுத் தண்டிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 1812-ல்தான் அது அடியோடு ஒழிந்தது. புரொட்டஸ்டாண்டாரும் குற்றமற்றவரல்லர். 1658-ல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். முத்துக்குளித்துறைப் பரதவரைத் தம் மதத்திற்குத் திருப்ப முயன்றனர். கோயில்கள் பறிபோயினும் பரதவர் அசையவில்லை. இன்றளவும் அக்கரையோரம் கத்தோலிக்கமாகவே இருக்கின்றது. இங்கிலாந்திலோ 1829 வரையில் கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமரவும் இயலாதிருந்தது. அதிகாரம் கையில் வந்தால் எந்த மதமும் கதவைத் தாழிட விரும்புகின்றது. அதிகாரம் இல்லாதவிடத்தே அறிவை நாடுகின்றது. மதுரைச் சீமையில் பெஸ்கிக்கு அரச பலம் இல்லாமற்போனது தமிழுக்குப் பாக்கியம் என்றே சொல்லலாம். வாள் இருந்திருந்தால் வேதவிளக்கம் தோன்றியிருக்குமோ என்பது ஐயம்.

முனிவர் தமது பிற்காலத்தைச் சேர நாட்டில் அம்பலக்காட்டிற் கழித்து, 1747-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ஆந் தேதி காலமானார். அருளானந்தர் தலை வீழ்ந்த அதே பிப்ரவரி 4. லூத்தர் மதம் தவறு என்ற அபிப்பிராயத்தை அவர் இறுதி வரையில் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் சார்ந்த திருச்சபை பிரிந்தோரை நோக்கும் முறைதான் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மாறியது. 1962 முதல் 1965 வரையில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், புரொட்டஸ்டாண்டாரைப் பிரிந்த சகோதரர் என்று அழைத்தது. பிரிந்த சபைகளிற் பிறந்து வளர்ந்தவர்மேற் பிரிவினையின் பாவத்தைச் சுமத்தலாகாது என்று 1964-ல் அறிவித்தது. மத விஷயத்தில் எவரையும் பலவந்தம் செய்யலாகாது என்று 1965-ல் தீர்மானித்தது. 1999-ல் கத்தோலிக்கரும் லூத்தர் சபையாரும் விசுவாசத்தால் நீதிமானாதல் என்ற பழைய வழக்கைப் பற்றி ஆக்ஸ்பர்க்கு நகரில் உடன்படிக்கை ஒன்று செய்தனர். வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் எந்த வேத மொழிபெயர்ப்பைப் பற்றிப் பொருதனரோ, அந்த வேதத்தை 1995-ல் இரு சாராரும் கூடிப் பொது மொழிபெயர்ப்பாகத் தமிழில் வெளியிட்டனர்.

ஆயினும் கத்தோலிக்க மதம் தன் கொள்கையைக் கைவிட்டது என்று எண்ணுவது தவறு. அறிந்தே சபையை விட்டு நீங்குவது பெருங்குற்றம் என்று அது இன்றும் போதிக்கின்றது; 1983-ன் திருச்சபைச் சட்டத்தில் அதற்குச் சபை விலக்கும் உண்டு. இதில் நாம் குறை காண்பதற்கு இல்லை. தன் மதம் மெய் என்று நம்புகிறவன், அதை விட்டுப் போவோனைக் கண்டு வருந்தாமல் இருப்பானாயின், அவனுடைய நம்பிக்கை நம்பிக்கையன்று. வருந்தட்டும், வாதாடட்டும், புத்தகம் எழுதட்டும், தன் சபை விதிப்படி தன் பந்தியினின்று விலக்கி வைக்கட்டும். ஆனால் அவன் வீட்டுக் கூரையில் நெருப்பு வைக்கவும், ஊர்க் கிணற்றை மறுக்கவும், சர்க்கார் சேவகனைக் கூப்பிட்டு அவனைக் கட்டி இழுக்கவும் அவனுக்கு உரிமை இல்லை. வருத்தம் எங்கே முடிந்து பலவந்தம் எங்கே தொடங்குகின்றதோ, அங்கேதான் சுதந்தர தேசத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கின்றது.

1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் நிர்ணயச் சட்டத்தின் 25-வது பிரிவு, மனச்சாட்சியின் சுதந்தரத்தை யாவர்க்கும் உரியதாக்கியது. அவ்வுரிமை உள்ளே வருகின்றவனுக்கு மட்டும் உரியதன்று, வெளியே போகின்றவனுக்கும் உரியது. தடியத்தேவர் தழுவியது சரி, ராஜநாயக்கன் நீங்கியது துரோகம் என்று ஒரு சாராரும், இது புனிதம், அது ஏமாற்று என்று மற்றொரு சாராரும் தத்தமக்கு வசதியாக இரு துலாக்கோல் வைத்திருப்பது நியாயமாகாது. ஹிந்துவாயினும், முஸ்லிமாயினும், கிறிஸ்தவராயினும் இந்தப் பரீட்சையில் தேறுவோர் சிலரே. ஓரியூரில் சிந்திய இரத்தத்தை வணங்குவோர் தரங்கம்பாடிக்குச் சென்ற வழியையும் மறிக்கலாகாது. அவ்வாறே தரங்கம்பாடியைப் போற்றுவோரும் தங்களை விட்டு நீங்குவோருக்குக் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். தம் மதத்தைக் காக்க விரும்புவோர் யாவரும் வீரமாமுனிவரைப் போல எழுத்தாணியை எடுக்கட்டும். அவர்களால் தமிழாவது வளரும்.